பத்து மூட்டை அரிசியும் ஒரு மலையும்: குறைந்த செலவில் வெளிமாநில எல்க் வேட்டை

இந்தியக் கடையில் 20 பவுண்டு அரிசி மூட்டை வாங்கி, கார் டிக்கியிலிருந்து அடுப்படிவரை தூக்கி வந்து பழகியிருப்பீர்கள். அப்படிப் பத்து மூட்டை. கடல்மட்டத்திலிருந்து 10,000 அடி உயரத்தில், ஒற்றையடிப் பாதைகூட இல்லாத சரிவில், விழுந்த மரங்களுக்கு நடுவே கிடக்கின்றன. வண்டி நிற்பது இரண்டு மைலுக்கு அப்பால். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம்தான். ஓர் ஆண் எல்க்கைச் சுட்டு வீழ்த்தியவரின் நிலைமை இதுதான்.

வளர்ந்த ஆண் எல்க் சுமார் 700 பவுண்டு, அதாவது 318 கிலோ இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கடமான் என்றும் தெற்கே மிளா என்றும் சொல்கிறோமே, அதற்கு அண்ணன் முறை. தோல், எலும்பு, குடல் எல்லாம் போக வெறும் கறி மட்டும் ஏறக்குறைய 200 பவுண்டு தேறும். ஒரு நடைக்கு 40 பவுண்டு சுமந்தால் ஐந்து நடை. சுமையோடு ஐந்து முறை வெளியே வர வேண்டும். வெறுங்கையோடு நான்கு முறை திரும்பிப் போக வேண்டும். இரண்டு மைல் தூரம் என்றால் மொத்தம் 18 மைல். மூன்று பேர் இருந்தால் அதே வேலை ஆளுக்கு 6 மைலில் முடிந்துவிடும்.

பலரும் திட்டத்தை முன்னாலிருந்து போடுகிறார்கள்: எந்த மாநிலம், எந்தத் துப்பாக்கி, என்ன கூடாரம் என்று. எல்க் வேட்டைக்குத் திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். கறி கெடாமல் வீடு வந்து சேர என்னென்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். எத்தனை பேர் போவது, சாலையிலிருந்து எவ்வளவு தூரம் போவது, எதில் பணம் போடுவது, எதில் போடக் கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் அதிலிருந்தே விடை வந்துவிடும்.

வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு போனால் ஆளுக்கு 5,000 முதல் 10,000 டாலர் வரை ஆகும். கூடாரம், குதிரை, சமையல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாமே ஏற்பாடு செய்துகொண்டு போனால் 1,300, 1,400 டாலருக்குள் முடிக்கலாம். மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக நாம் கொடுப்பது எட்டு மாதத் தயாரிப்பும் சொந்தக் கால்களும்தான்.

முதலில் சட்டம்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது குற்றம். ஆகவே அமெரிக்காவுக்கு வந்த பிறகு வேட்டைக்குள் நுழையும் தமிழருக்குத் தாத்தாவிடமோ மாமாவிடமோ கற்ற பாடம் இருக்காது. இங்கே நம் முதல் வாத்தியார், மாநில அரசு நடத்தும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு. கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் இந்தச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. உங்கள் மாநிலத்தில் வாங்கிய சான்றிதழே அங்கும் செல்லும். வசந்த காலத்துக்குள் முடித்துவிடுங்கள். கோடை கடைசியில் வகுப்புகள் நிரம்பிவிடும்.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டத்தின் பொது விதி. அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. விசா உள்ளவர்கள் துப்பாக்கியைத் தொடும் முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். பிழை நேர்ந்தால் அபராதத்தோடு போகாது, விசாவையே கேட்கும்.

எந்த மாநிலம்?

எல்க் வேட்டைக்கு உரிமத்தோடு ஒரு சீட்டும் வேண்டும். எல்லோரும் அதை டேக் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு டேக்குக்கு ஒரு விலங்கு. பெரும்பாலான மாநிலங்களில் டேக் குலுக்கல் முறையில்தான் கிடைக்கிறது. வெளிமாநிலத்தாருக்கு ஒதுக்கீடும் குறைவு, கட்டணமும் உள்ளூர்க்காரரைப்போலப் பல மடங்கு.

நியூ மெக்சிகோவில் குலுக்கல் டேக்குகளில் 84 விழுக்காடு உள்ளூர்க்காரர்களுக்கு, 10 விழுக்காடு வழிகாட்டியோடு வருகிறவர்களுக்கு. தன் கையை நம்பி வருகிற வெளிமாநிலத்தாருக்கு மிஞ்சுவது 6 விழுக்காடு. வயோமிங்கில் வேறொரு முடிச்சு: ஃபெடரல் அரசு வனாந்தரப் பகுதி என்று அறிவித்த இடங்களில் வெளிமாநிலத்தார் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் பெரிய விலங்குகளை வேட்டையாட முடியாது. நடந்து போகலாம், மீன் பிடிக்கலாம், எல்க் கூடாது. மொன்டானாவில் விண்ணப்பக் கெடு ஏப்ரல் 1. கட்டணமே 1,000 டாலரைத் தாண்டும்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கொலராடோ. நாட்டிலேயே அதிக எல்க் உள்ள மாநிலம் அதுதான். அங்கே இரண்டாவது, மூன்றாவது ரைஃபிள் பருவங்களில் பல யூனிட்டுகளுக்கு (வேட்டைக்காக மாநிலம் பிரித்துவைத்திருக்கும் பகுதிகளுக்கு) ஆண் எல்க் டேக் குலுக்கல் இல்லாமல், கேட்டவுடன் கடையிலேயே கிடைக்கிறது. கிரிஸ்லி கரடி இல்லை என்பதால், இரவில் கறியைக் காப்பது மொன்டானா, வயோமிங் அளவுக்குத் தலைவலி இல்லை. வில் வேட்டைக்காரர்களுக்கு மட்டும் 2025 முதல் கதவு குறுகிவிட்டது: ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநிலத்தாரின் வில் டேக்குகளும் குலுக்கலுக்குப் போய்விட்டன. விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை இலவசமாக வெளியிடும் அந்த ஆண்டுக் கையேட்டைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேட்டவுடன் கிடைக்கும் டேக் என்றால் கூட்டமும் இருக்கும். இப்படிப் போகிறவர்களில் பத்துக்கு ஒருவரோ இருவரோதான் எல்க்கோடு திரும்புகிறார்கள். இதை வீட்டிலும் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

ஆண்டுக் காலண்டர்

- ஜனவரி முதல் மார்ச் வரை: உடன் வரும் இருவரை முடிவு செய்யுங்கள். பயிற்சி வகுப்பை முடியுங்கள். அலுவலகத்தில் அக்டோபர் கடைசி வாரத்துக்கு விடுப்பு சொல்லுங்கள்.
- ஏப்ரல் முதல் செவ்வாய்: கொலராடோ குலுக்கலின் கடைசி நாள். இதில் சேர முதலில் ஒரு தகுதி உரிமம் வாங்க வேண்டும். அது தனிச் செலவு. முதல் ஆண்டில் விட்டுவிடலாம்.
- மே முதல் ஜூலை வரை: நடை, மாடிப்படி, துப்பாக்கிப் பயிற்சி. வரைபட வேலை.
- ஆகஸ்ட் தொடக்கம்: கடை டேக் விற்பனை தொடங்கும். வாங்கிவிடுங்கள்.
- செப்டம்பர்: சாமான் எல்லாவற்றையும் கட்டி, ஒருமுறை எடை போட்டு, பாதியை வெளியே எடுத்து வையுங்கள்.
- அக்டோபர் கடைசி: இரண்டாவது ரைஃபிள் பருவம். ஒன்பது நாள். தொடங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே மலையில் இருங்கள்.

வீட்டிலிருந்தே இடம் தேடுவது

டெக்சஸில் உட்கார்ந்துகொண்டு கொலராடோ மலையை எப்படிப் பார்ப்பது என்று மலைக்க வேண்டாம். பாதி வேலை மேசையில்தான்.

முதலில் அரசு வெளியிடும் வேட்டை முடிவு அறிக்கை. ஒவ்வொரு யூனிட்டிலும் எத்தனை பேர் போனார்கள், எத்தனை எல்க் விழுந்தது என்று அதில் இருக்கும். வெற்றி விழுக்காட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு யூனிட்டில் பெரும்பகுதி தனியார் பண்ணையாக இருந்தால், அந்த எல்க்கெல்லாம் வேலிக்கு உள்ளே விழுந்தவை. பொது நிலம் அதிகமுள்ள யூனிட்டைத் தேடுங்கள். ஒயிட் ரிவர், ரூட், சான் வான் ஆகிய தேசிய வனங்கள் தொடங்க நல்ல இடங்கள்.

அடுத்து, வனத்துறை இலவசமாகத் தரும் வாகனப் பாதை வரைபடம். எந்த மண்சாலையில் எந்த வண்டி, எந்தத் தேதிவரை போகலாம் என்று அதில் இருக்கும். அதைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு, திறந்திருக்கும் எல்லாச் சாலைக்கும் இருபுறமும் ஒரு மைல் அகலத்துக்கு மனத்தில் கோடு போடுங்கள். வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் இந்தக் கோட்டுக்குள்தான் சுற்றுவார்கள். எல்க்குக்கும் அது தெரியும். கோட்டுக்கு வெளியே, வடக்குப் பார்த்த அடர்ந்த சரிவும் அதன் பக்கத்தில் சிறு புல்வெளியும் தண்ணீரும் எங்கே சேர்ந்து வருகின்றன என்று தேடுங்கள். பகலில் எல்க் படுப்பது அந்த நிழல் சரிவில். அந்தியிலும் விடியலிலும் மேய வருவது புல்லுக்கு.

இப்போது முதல் பக்கத்துக் கணக்குக்கு வருவோம். ஒரு மைலுக்கு மேல், ஆனால் இரண்டரை மைலுக்குள். அதற்கு அப்பால் எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும், குதிரை இல்லாத மூன்று பேருக்கு அது இடம் இல்லை. போகும்போது இறக்கமாகவும், சுமையோடு வரும்போது ஏற்றமாகவும் இருக்கும் பள்ளத்தாக்குகளை முதலிலேயே அடித்துவிடுங்கள். இப்படி ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் ஏற்கெனவே நான்கு வண்டி நின்றால் புலம்பாமல் இரண்டாவதுக்குப் போகலாம்.

கடைசியாக, அந்தப் பகுதி வனவிலங்கு அலுவலரைக் கோடையில் தொலைபேசியில் அழையுங்கள். எல்க் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். தினம் பத்துப் பேர் கேட்பது அது. நீங்கள் குறித்த இரண்டு இடங்களைச் சொல்லி, அங்கே கூட்டம் எப்படி, அக்டோபர் கடைசியில் பனி விழுந்தால் சாலை திறந்திருக்குமா என்று கேளுங்கள். வீட்டுப்பாடம் செய்தவருக்கு அவர்களும் மனம் திறந்து பேசுவார்கள்.

செலவுக் கணக்கு

உதாரணத்துக்கு, டல்லாஸிலிருந்து டென்வர் 800 மைல். அங்கிருந்து கொலராடோவின் கிரெய்க் ஊர் 200 மைல். போக வர, மலையில் சுற்ற 2,200 மைல் என்று வைப்போம். ஒரு கேலனுக்கு 20 மைல் ஓடும் வண்டிக்கு 110 கேலன், கேலன் 3.25 டாலர் என்றால் சுமார் 360 டாலர். மூன்று பேரில் ஆளுக்கு:

- டேக்கும், அதோடு வாங்க வேண்டிய வாழிடச் சீட்டும் (ஹாபிடட் ஸ்டாம்ப்): 850 டாலரை ஒட்டி
- பெட்ரோல் பங்கு: 120
- எட்டு நாள் சாப்பாடு: 100
- திரும்பும் வழியில் ஓர் இரவு விடுதிப் பங்கு: 40
- கறிப் பைகள், பனிக்கட்டி, அடுப்பு வாயு: 60
- எதிர்பாராத செலவு: 150

மொத்தம் 1,320 டாலர், கருவிகள் தவிர. மலையில் தங்குவதற்குச் செலவில்லை; தேசிய வனங்களில் பெரும்பாலும் 14 நாள்வரை இலவசமாகக் கூடாரம் போடலாம். விமானத்தில் போனால் மிச்சம் என்று தோன்றும். போவது எளிது, பத்து மூட்டை கறியோடு திரும்பி வருவதை யோசித்துப் பாருங்கள். வண்டிதான் மலிவு.

எதில் பணம் போடுவது

சந்தையில் விற்கும் வேட்டைத் துணியையும் கருவியையும் பார்த்தால் இந்த 1,320 டாலர் ஒரே மதியத்தில் கரைந்துவிடும். நான்கு பொருளுக்கு மட்டும் கையை நீட்டுங்கள்: காலுக்குப் பழகிய நல்ல பூட்ஸ், இடுப்பில் எடை தாங்கும் சட்டம் வைத்த முதுகுப்பை, 10x42 பைனாகுலர், ஒரு செயற்கைக்கோள் தகவல் கருவி. செல்போன் சிக்னல் அங்கே கிடையாது. கடைசிப் பொருளை மூன்று பேரும் பங்கு போட்டு வாங்கலாம்.

துப்பாக்கிக்குப் புதுச் செலவு வேண்டாம். .270, .308, .30-06 இவற்றில் எது கிடைத்தாலும் போதும். கொலராடோ விதிப்படி குறைந்தது .24 காலிபர், எல்க்குக்கு 85 கிரெய்ன் குண்டு வேண்டும். மேற்சொன்னவை அதைத் தாராளமாகத் தாண்டும். தோட்டாவுக்குச் செலவு செய்யுங்கள். மேசையில் சாய்ந்து சுடுவதோடு நிறுத்தாமல், மூச்சு வாங்க ஓடிவந்து, முட்டி போட்டு, முதுகுப்பைமேல் வைத்து 200 கஜத்தில் சுட்டுப் பழகுங்கள். பத்துக்குப் பத்து எவ்வளவு தூரத்தில் விழுகிறதோ, மலையில் அதுதான் உங்கள் எல்லை.

பருத்தித் துணி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, குளிரில் உயிருக்கே ஆபத்து. பழைய கம்பளி ஸ்வெட்டர் போதும். ரைஃபிள் பருவத்தில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிவதும், அதே நிறத்தில் தொப்பி வைப்பதும் கட்டாயம். பத்து டாலர் மேலங்கி ஒன்றும் அந்தத் தொப்பியும் போதும்.

உயரமும் சோறும்

ஊட்டி தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. இங்கே நீங்கள் கூடாரம் போடுவதே அந்த உயரத்தில்தான். வேட்டை அதற்கு மேலே. சமவெளியிலிருந்து நேரே வந்தவருக்கு முதல் நாள் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். முதல் இரவை 5,000, 6,000 அடி ஊரில் கழியுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ நடை தள்ளாடினாலோ மாத்திரை போட்டுப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும்.

சமையலில் நம்மவருக்கு ஒரு தனிப் பாடம். 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி நருக்கரிசியாகவே நிற்கும், பருப்பு வேகவே வேகாது. சின்னக் குக்கர் ஒன்று கொண்டுபோங்கள். புளிக்காய்ச்சலை வீட்டிலேயே செய்து பாட்டிலில் அடைத்தால், சோறு மட்டும் வடித்துக் கலந்துகொள்ளலாம். பகலுக்குச் சப்பாத்தியும் வேர்க்கடலை உருண்டையும். சோர்ந்து திரும்பும் இரவில் இதற்கு மேல் யாருக்கும் சமைக்கத் தெம்பிருக்காது.

மலையில் ஒரு காலை

செப்டம்பரில் ஆண் எல்க் பிளிறும். சத்தத்தை வைத்தே தேடலாம். அக்டோபர் கடைசியில் அந்த ஆரவாரம் அடங்கி, களைத்துப்போய் மறைவில் கிடக்கும். ஆகவே கண்ணும் காற்றும்தான் துணை.

காற்றைப் பற்றி நான் கற்றது ஒரு மூன்றாம் நாள் காலையில். இருட்டிலேயே ஒன்றரை மணி நேரம் நடந்து, ஓர் அடர்ந்த சரிவின் அடிவாரத்துக்கு வந்திருந்தோம். அதிகாலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். அதனால் எல்க்குக்குக் கீழே நிற்பது சரி. மாட்டுத் தொழுவ வாசனை மூக்கில் ஏறியது. எல்க் கிட்டத்தில் இருந்தால் அப்படித்தான் அடிக்கும். மரங்களுக்கிடையே வெளிறிய பின்புறம் ஒன்று அசைந்தது. மேலே கொம்பின் ஒரு கிளை. நண்பர் துப்பாக்கியை நீட்டினார். கொம்பில் எத்தனை கிளை என்று தெரியவில்லை, பொறுங்கள் என்றேன்.

பொறுத்தோம். மணி ஒன்பதரை. சரிவில் வெயில் விழுந்தது. சூடேறிய காற்று மலைமேல் ஏறத் தொடங்கும் நேரம் அது என்று படித்திருந்தேன், நினைவுக்கு வரவில்லை. பிடரியில் சில்லென்று ஒரு காற்று தொட்டபோதுதான் உறைத்தது. மேலிருந்து நாய் குரைப்பதுபோல் ஒற்றைச் சத்தம். கிளைகள் முறியும் ஓசை. அத்தோடு அந்தச் சரிவு காலியாகிவிட்டது.

வாசனையில்லாத பவுடரைச் சின்ன டப்பாவில் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூவிப் பாருங்கள். காலையில் கீழிருந்து தேடுங்கள். வெயில் ஏறுமுன் பக்கவாட்டில் நகர்ந்து மேலே போய்விடுங்கள். சாயங்காலம் குளிர்ந்ததும் காற்று மறுபடி இறங்கும்.

அன்று சுடாததற்கு நான் வருந்தவில்லை. பெரும்பாலான கடை டேக் யூனிட்டுகளில், ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். எண்ண முடியாத கொம்பு சுடக் கூடாத கொம்பு. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைந்த பின் அரை மணிவரை சட்டப்படி சுடலாம். முதல் எல்க்கை மாலையின் கடைசி அரை மணியில் சுடாமல் இருப்பது நல்லது; இரவு முழுக்க டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்ய நேரும்.

சுட்ட பிறகு

விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நுரையீரல். அங்கேதான் சுட வேண்டும். சுட்ட இடத்தையும் விலங்கு நின்ற இடத்தையும் அடையாளம் வைத்துவிட்டு, அரை மணி நேரம் அப்படியே உட்காருங்கள். உடனே துரத்தினால் காயத்தோடு ஒரு மைல் ஓடிவிடும்.

விழுந்தது உறுதியானதும் முதல் வேலை கத்தி அல்ல, டேக். தேதி எழுதி, கையெழுத்திட்டு, பிரிக்க வேண்டும். அடுத்து வண்டிக்கு ஒருவரை அனுப்பாதீர்கள். மூன்று பேரும் தோலுரிக்க வேண்டும். எல்க்கின் தோல் கம்பளிப் போர்வைபோல. வெளியே பனி கிடந்தாலும் உள்ளே சூடு ஆறாது. தொடை எலும்பை ஒட்டிய கறி முதலில் புளித்துப்போகும்.

வயிற்றைக் கிழிக்காத முறை சுலபம். பக்கவாட்டில் கிடத்தி, முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறி, வயிறுவரை உரித்து விரியுங்கள். அந்தத் தோலே தரைவிரிப்பு. முன்னங்காலை உடம்போடு இணைக்கும் மூட்டு எலும்பு கிடையாது. காலைத் தூக்கிப் பிடித்து, உடம்புக்கும் தோள்பட்டைக்கும் நடுவே கத்தியை விட்டால் சதையோடு கழன்று வரும். பின்னங்காலுக்குத் தொடைக்கிண்ணத்தைத் தேடி வெட்ட வேண்டும். முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீளச் சதை, கழுத்துச் சதை, விலாவுக்குள் கடைசி எலும்புக்குப் பின்னால் கைவிட்டு எடுக்கும் மென்சதை. பிறகு புரட்டிப் போட்டு மறுபுறம். குடலைத் தொடவே வேண்டாம். பாலின அடையாளம் ஒரு தொடையோடு இயல்பாக ஒட்டியபடியே இருக்க வேண்டும். டேக் கறியோடு போக வேண்டும். வழியில் அலுவலர் நிறுத்தினால் பார்ப்பது இவை இரண்டையும்தான்.

வெட்டிய கறியைக் காற்றுப் புகும் துணிப் பைகளில் போட்டு, நிழலில், கிளைகளில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. இரண்டாம் நடைக்கு விட்டுவைக்கும் கறியைக் குடலும் எலும்பும் கிடக்கும் இடத்திலிருந்து நூறு கஜமாவது தள்ளி, தூரத்திலிருந்தே தெரியும்படி கட்டுங்கள். கருங்கரடி வந்திருந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வரும் வழி

நாள்பட்ட நலிவு நோய் என்றொரு நோய் மான் இனங்களைத் தாக்குகிறது. சிடபிள்யூடி என்று சொல்வார்கள். 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வளர்த்த மான்களில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் உறுதியான விலங்கை உண்ண வேண்டாம் என்பதே பொதுச் சுகாதார அறிவுரை. சமைத்தாலும் அதன் காரணி அழியாது. தலையைச் சோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மூளை, தண்டுவடம் கொண்ட பகுதிகளைப் பல மாநிலங்கள் எல்லைக்குள் விடுவதில்லை. எலும்பு நீக்கிய கறியும், கொம்பு ஒட்டிய, சுத்தம் செய்த மண்டையோட்டுத் துண்டும் போதும்.

120 குவார்ட் கூலர் இரண்டில் ஒரு எல்க் அடங்கும். கிளம்பும்போதே பழைய பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்துக் கூலரில் போட்டுவிடுங்கள். பனிக்கட்டி விலையும் மிச்சம், கறியும் தண்ணீரில் ஊறாது. வீட்டில் நாமே துண்டு போட்டால், கசாப்புக்கடைக் கூலியும் மிச்சம். எல்க் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டுக்கறி மசாலா அப்படியே பொருந்தும். எண்ணெய் மட்டும் ஒரு கரண்டி கூட. கழுத்துக் கறி குழம்புக்கு, முதுகுச் சதை மிளகு வறுவலுக்கு, மிச்சம் மீதி உப்புக்கண்டத்துக்கு.

முதல் ஆண்டு வெறும் கூலரோடு திரும்ப வாய்ப்பு அதிகம். அந்த நாட்களில் தெரிந்துகொண்ட ஒரு பள்ளத்தாக்கு இரண்டாம் ஆண்டுக்கு உதவும். அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள், புது யூனிட் தேடாதீர்கள்.

இந்த அத்தியாயத்தை மூடியதும் ஒன்று செய்யுங்கள். சமையலறையில் இருக்கும் 20 பவுண்டு அரிசி மூட்டை இரண்டை முதுகுப்பையில் போட்டு, மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்குங்கள். ஒரு எல்க்கின் முன்னங்கால் ஒன்று ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அது முடிந்தால் நண்பர்கள் இருவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். முடியாவிட்டால் இந்த ஆண்டு டேக் வாங்காதீர்கள்; அடுத்த ஆண்டுக்கு இன்றே நடக்கத் தொடங்குங்கள்.